கோழிக்கால் காளானை அடியோடு எடு

சேசு மரி சூசை

மேல் லயம், ஊத்துமலைத் தோட்டம்,
கொட்டகலை.
29-10-1961, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஐவிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் உன் அப்பாவும் மாதா புண்ணியத்தில் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் சம்பந்தியம்மாவும் இதே மாதிரி இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்துதான் பேனாவைத் தொட்டேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. குன்னூரிலிருந்து கொட்டகலைக்கு வர அதற்குப் பதின்மூன்று நாள் ஆகியிருக்கிறது, நீ கப்பலேறிப் போனதுகூட இதைவிடச் சீக்கிரம். அப்பா வாசலில் நின்றபடியே பிரித்து வாசித்தார். மூன்று மாதம் என்கிற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கேட்டால் மழைக்காலத்தில் கண்ணாடிக்கு வியர்க்கிறதாம். நாலாம் மாதம் பிறக்கட்டும் அதுவரை வெளியே சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் போய்த் தாத்தா ஆகப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். இனி என்ன செய்வது. உன் பிள்ளை பிறக்கும் முன்னே மேல் லயத்து வீடுகளும் கீழ் லயத்து வீடுகளும் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தாகிவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை மகளே. அன்றைக்கு அடுப்பில் வைத்த ரொட்டி கருகிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மசக்கையில் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, நம் லயத்தில் பொரிக்கிற கோழிக்கால் காளான் மட்டும் கிடைத்தால் ஒரு தட்டுச் சோறு தின்பேன் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் தோட்டத்துக்கு மேலே காட்டு ஓரத்தில் மழைக்குப் பிறகு அதே மாதிரிக் கிளை கிளையாக, படத்தில் போட்டிருக்கிற கடல் பவளம் போல முளைத்திருக்கிறது, பிடுங்கலாமா, எப்படி ஆக்குவது என்றும் கேட்டிருக்கிறாய். முதலில் தொடாதே என்று ஒரே வரி எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அப்பாதான் "வேணாம்னு எழுதுனா ஒளிச்சு வச்சுத் தின்னுவா, ஒம் மகதானே" என்றார். அது உண்மை. உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது நான் அடுப்புச் சாம்பலைத் தின்றதை அவர் இன்னும் மறக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், முழுவதும் வாசித்த பிறகு காட்டுப் பக்கம் போ. ஆனால் அதற்கு முன்னால் போன இரண்டு வாரமாக இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உனக்குக் காளானைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பிள்ளைக் காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்த பேச்சியம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, இந்த மாதத்தோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். புதுத்துரை, பால்மா டின்னில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்த பெண்ணாகப் பார்க்கும்படி, வேலை வாங்குகிற கண்டாக்கையாவிடம் சொல்லியிருக்கிறார். என் வயதுப் பெண்களில் இந்த லயத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், பள்ளிக்கூடத்தில் மத்தியாஸ் வாத்தியார் என் முட்டியில் அடித்த அடி வீண் போகவில்லை. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமைக் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, என் பெயரை வாசிப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. எனக்கு அந்த வேலை வேண்டும் ஐவி. முழங்கால் ஏற்றத்தில் மடங்க மாட்டேன் என்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நான் நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பேன், நேர் கீழே பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை தெரியும். உனக்குப் பசிக்கிற நேரம் எனக்குத் தெரியும், பால் கட்டி இரவிக்கை நனைந்துவிடும், பத்து மணிச் சங்கு ஊதும் வரை இறங்க முடியாது. அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே கொழுந்து கிள்ளுவேன். என்றைக்காவது அதற்குள்ளே எனக்கு வேலை கிடைத்தால் எந்தப் பிள்ளையையும் பசியோடு கிடக்க விட மாட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடாத சுத்தபோசன நாள். மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று மத்தியானம்தான் விட்டது. மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஆறாம் நம்பர் மலை ஓடையோரமாகக் குறுக்கு வழியில் இறங்கினேன். வழக்கமாக நாம் எடுக்கிற பெரிய மரத்தடியில் கோழிக்கால் காளான் அரைக் கூடைக்குப் பூத்திருந்தது. பத்தடி தள்ளி மண் சரிந்த இடத்தில் இன்னொரு கூட்டம், பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா. இருபத்தொன்பது வருஷம் கொழுந்து கிள்ளின கை, குனிந்ததும் அதுபாட்டுக்கு நுனியைக் கிள்ளிக் கிள்ளி இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கில் போட ஆரம்பித்துவிட்டது. அடிக்கட்டை சேறும் மண்ணுமாக இருக்கும், கழுவுகிற வேலை மிச்சம், நுனிதானே பிஞ்சு என்று நினைப்பு வேறு. நம் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் எடுக்கிறோம், நீயும் அப்படித்தான் எடுப்பாய், உன் கையை எனக்குத் தெரியும். இரண்டு கூட்டத்திலும் கிள்ளி ஒன்றாகக் கலந்துவிட்டேன். மழையில் நுனி வெளுத்துப் போயிருந்ததால் எது எந்தக் கூட்டத்தில் வந்தது என்று பிரிக்க வழியில்லை. பிரிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, அதுதான் பெரிய பிழை.

பாதியைப் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணுவுக்குக் கொடுத்தேன். அவளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு கட்டி வந்தவள், அழகனின் பெண்சாதி. தவம் கிடந்து பெற்ற ஆண் குழந்தை, ஐந்து மாதம்தான் ஆகிறது. எங்கள் பங்கை நான் அவித்து முதல் தண்ணீரைக் கொட்டினேன், அது என் பழக்கம், ஏன் கொட்டுகிறேன் என்று நானே யோசித்ததில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. என் அம்மா கொடுத்த ராசா தலை போட்ட வெள்ளி ரூபாயைச் சட்டியில் போட்டுப் பார்த்தேன், விஷமிருந்தால் காசு கறுக்கும் என்பார்களே. காசு பளபளவென்று இருந்தது. மறுநாள் காலைப் பெரட்டுக்கு அழகனும் வரவில்லை, அவளும் வரவில்லை. இரண்டு பேரையும் கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வாந்தியும் வயிற்றோட்டமும், நிற்கத் தெம்பில்லை. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று மருந்துக்காரய்யா சொல்லிவிட்டார், கீழ் லயத்துக் காளியாயிதான் தன் பிள்ளையோடு அதையும் சேர்த்து மடியில் போட்டுக்கொண்டாள். என்ன தின்றீர்கள் என்று கேட்டதற்கு அம்மாக்கண்ணு, கருவாடும் அக்கா கொடுத்த காளானும் என்று ஒளிக்காமல்தான் சொல்லியிருக்கிறாள். அவளே "அக்கா வீட்லயும் அதே காளாந்தான் தின்னாங்க, அவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றும் சொல்லியிருக்கிறாள். அதனால் பழி கருவாட்டின் தலையில் விழுந்தது. கருவாடு விற்றவர் பழனியாண்டியண்ணன், கொட்டகலைக் கடைவீதியிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கூடை சுமந்து வருவாரே, உனக்கு நெத்தலி சும்மா கொடுப்பாரே, அவரேதான்.

எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்பது பொய் ஐவி. உன் அப்பா அன்று விடிவதற்குள் நாலு தடவை செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் கருவாடு வாங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அந்த ஓடையோரத்துக்குப் போனேன். நான் கிள்ளிவிட்டு வந்த அடிக்கட்டைகள் மண்ணில் அப்படியே நின்றன. மரத்தடியில் நின்றவை கிள்ளின இடத்திலும் வெள்ளையாக, உள்ளே கெட்டியாக இருந்தன. சரிவில் நின்றவை கிள்ளின இடமெல்லாம் பழுப்பாகக் கறுத்திருந்தன, விரலால் அழுத்தினால் அங்கேயும் கறுத்தது, நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன், வேப்பங்கொட்டைக் கசப்பு. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கட்டைகளையும் இலையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "வாயப் பொத்திக்கிட்டு இரு றோசலின். அவங்க எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. வெள்ளிக்கெழம பேரு வாசிக்கப் போறாங்க, இப்பப் போயி எதுக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் முழங்காலுக்குத் தினமும் எண்ணெய் போடுகிறவர் அவர்தான். நானும் அன்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது, கண்டாக்கையா சொல்லி வைத்திருந்தபடி காவல்காரன், பழியைக் கேள்விப்பட்டுத் திங்கட்கிழமையே தோட்டத்து வாசலுக்கு வந்துவிட்ட பழனியாண்டியண்ணனின் கூடையைக் கவிழ்த்துவிட்டிருந்தான். மனிதர் வழியோரத்துத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கிக் கருவாட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "தங்கச்சி, நீங்க சொல்லுங்க, எங் கருவாட்டுல என்னைக்காவது புழு பாத்திருக்கீங்களா" என்றார். நான் பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். அதைப்போல ஒரு வெட்கம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை முதலில் அம்மாக்கண்ணுவிடம் போனேன். பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த காளான்தான் காரணம், கருவாடு இல்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய், எல்லோரும் வரிசையில் நிற்கும்போதே கண்டாக்கையா முன்னால் இலையை விரித்து இரண்டு கட்டைகளையும் வைத்துச் சொன்னேன். கண்டாக்கையா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காளியாயிதான் முதலில் வாயைத் திறந்தாள், "நல்லதுக்கும் நாய்க்கொடைக்கும் வித்தியாசம் தெரியாதவ கையிலயா நாம புள்ளையக் குடுக்கப் போறோம்" என்றாள். இரண்டு வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக் களைத்தவள், அவளுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பெரட்டில் என் பெயரை வாசிக்கவில்லை. கண்டாக்கையா தனியே கூப்பிட்டு, "திங்கக்கெழம ஒரு நாளைக்கு நீயே பிள்ளைக் காம்பராவத் திற. தாய்மாரு பிள்ளைகளக் கொண்டாந்து விட்டா வேல ஒனக்கு. யாரும் வரலைன்னா செவ்வாக்கெழம கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிரு" என்றார். பழனியாண்டியண்ணனை மட்டும் திரும்ப வரவிடச் சொல்லிவிட்டார். நேற்றைக்கு முன்தினம் வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது நான் லயத்து வாசலில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பங்குக்குக் கட்டாக் கருவாடு வாங்கினேன், இரண்டு துண்டு கூடப் போட்டார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக் கதையைச் சொல்வதற்குள் உன் கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். காளானைக் கிள்ளாதே. கத்தியையோ குச்சியையோ விட்டு மண்ணோடு அடியோடு தோண்டி எடு, உன் விரல் நுனிக்குப் போகும், போக விடாதே. நல்லதற்கு அடிக்கட்டை பூக்கோவாத் தண்டு, அங்கே காலிபிளவர் என்பார்களே, அது மாதிரித் தடிப்பாக, வெள்ளையாக, உள்ளே கெட்டியாக இருக்கும், இளசாக இருக்கும்போது நுனி மட்டும் இளஞ்சிவப்பு. கெட்டது அடியிலிருந்தே உடம்பெல்லாம் செம்மண் கலந்த சிவப்பாக, நுனி மஞ்சளாக வரும், அழுத்தினால் பழுப்பாகும், கசக்கும். அடி வழவழவென்று கஞ்சிப் பசை மாதிரி இருந்தால் அதையும் விட்டுவிடு. முற்றிவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும், அதனால் முற்றினதையும் மழையில் வெளுத்ததையும் பார்க்கவே வேண்டாம். ஒரு கூட்டத்தில் எடுத்ததை இன்னொரு கூட்டத்தோடு கலக்காதே, வேறு வேறு துணியில் முடி. வெள்ளிக் காசு, வெங்காயம், அரிசி போட்டுப் பார்ப்பதெல்லாம் சும்மா, நான் கண்ணால் கண்டாயிற்று. இவ்வளவும் பார்த்த பிறகும் நீயாக முடிவு செய்யாதே. இங்கே நான் சொல்வது இந்த மண்ணுக்கு, உங்கள் காட்டில் இதே முகத்தோடு வேறு ஏதாவது முளைக்கலாம். உருளைக்கிழங்கு போடுகிற படுகர் அம்மா ஒருத்தி உனக்கு மோர் கொடுத்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த ஊர்க்காரர்கள் வழி வழியாக எடுத்துத் தின்கிறார்களா, எதை எடுக்கிறார்கள் என்று அவளிடம் காட்டிக் கேள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் சரி என்றாலும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற நீ முதலில் தின்ன வேண்டாம், மருமகன் ஒரு கரண்டி தின்று ஒரு நாள் போகட்டும், மாமியாரைத் தின்னச் சொல்லிப் பார்க்காதே, ஊர் வேறு மாதிரிப் பேசும். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீ பார்த்த காளான் அழுகிப் போயிருக்கும், அதுவும் நல்லதுக்குத்தான், அடுத்த மழைக்குள் நீ விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆக்குவது இப்படி. கிளை இடுக்கெல்லாம் மண்ணும் பூச்சியும் இருக்கும், உப்புத் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து அலசு, பிறகு நீளவாக்கில் கிழித்துப் போடு. மஞ்சள் போட்டுக் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்க விட்டு அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிடு, ருசி போய்விடும் என்று வைத்துக்கொள்ளாதே, அம்மாக்கண்ணு அப்படி நினைத்துத்தான் அந்தத் தண்ணீரிலேயே குழம்பு கூட்டினாள். பிழிந்து எடுத்து வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்து அதில் போட்டு ஈரம் வற்றும் வரை கிளறு. சத்தம் அடங்கி ஓரம் முறுகும்போது மிளகுத் தூளும் உப்பும் போடு, கடைசியில் ஒரு கை தேங்காய்ப்பூ. இங்கே வாசனைக்கு ரம்பை இலை போடுவோம், அங்கே கிடைக்காது, போகட்டும். ஒரு கரண்டிக்கு மேல் தின்னாதே, மிச்சம் வைத்து மறுநாள் சுட வைக்காதே. அதுவரைக்கும் குமட்டலுக்கு வறுத்த அரிசியில் கஞ்சி வைத்து ஊறுகாய்த் துண்டு ஒன்றை நக்கிக்கொள், உன்னை வைத்திருந்தபோது எனக்கு அதுதான் நின்றது.

இனித் திங்கட்கிழமை. விடிந்ததும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து கூட்டி, பதினொரு தொட்டிலையும் உதறிக் கட்டி, தண்ணீர் கொதிக்க வைத்தேன். பேச்சியம்மா சாவி கொடுக்க வந்து ஒரு புத்தியும் சொன்னாள், "அந்திக்குத் தாய்மாரு வந்து கேட்டா நாள் பூராத் தங்கமா இருந்துச்சுன்னு சொல்லிரு, அவுக மனசு ஆறிரும், நமக்கும் தொல்ல இல்ல." தலையாட்டினேன். பெரட்டு முடிந்தது. பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் வாசலைத் தாண்டித்தான் மலைக்குப் போனார்கள். சிலர் பிள்ளையை முதுகில் கட்டியிருந்தார்கள், மழைச் சாரலில், தேயிலைக்குள் அந்தப் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். காளியாயி பார்க்காத மாதிரிப் போனாள். கண்டாக்கையா வந்து எட்டிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பதினொரு தொட்டிலும் வெறுமனே தொங்கியது. சரி, முடிந்தது என்று அடுப்பை அணைக்கக் குனிந்தேன், அழுகை வந்தது, யாரும் இல்லாததால் அழுதேன். அப்போது வாசலில் நிழல் தட்டியது. அம்மாக்கண்ணு. பத்து நாளைக்குப் பிறகு அன்றுதான் வேலைக்கு இறங்குகிறாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது, இடுப்பில் பிள்ளை. உள்ளே வந்து அவனை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, "அக்கா, கருவாடுன்னு நீங்க விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பேரு வாசிக்கிற வாரத்துல வந்து சொன்னீங்க. இவனுக்கும் அப்படியே இருங்க. பேச்சியம்மா எந்தப் புள்ளையையும் தங்கமா இருந்துச்சுன்னுதான் சொல்லுமாம். எனக்கு அது வேணாம். அழுதா அழுதான்னு சொல்லுங்க" என்றாள். நான் அவனை முதல் தொட்டிலில் கிடத்தினேன்.

அழுதான். பத்து மணிச் சங்குக்கு ஓடி வந்தவளிடம், இரண்டு தடவை அழுதான், முதல் தடவை நீ படியிறங்கினதும் கொஞ்ச நேரம், இரண்டாவது பசியில், பால்மா கரைத்துக் கொடுத்தும் பாதி குடித்துத் துப்பிவிட்டான் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே மடியில் போட்டுக்கொண்டாள். கூட வந்த மற்றப் பெண்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் இரண்டு தொட்டில் ஆடியது, செவ்வாய்க்கிழமை நாலு, வெள்ளிக்கிழமை ஒன்பது. திங்கட்கிழமை அந்திக்கே கண்டாக்கையா புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார். நேற்று காளியாயி தன் பிள்ளையைக் கொண்டு வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் "பல்லு மொளைக்குது, கடிப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கடித்தான், அந்திக்கு வந்தவளிடம் தடத்தைக் காட்டினேன். அப்பாவுக்கு என்னைவிடப் பெருமை, ஆயாவம்மா ஆயாவம்மா என்று கேலி செய்கிறார், ஆனால் கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னதை நான் நினைவுபடுத்தினால் உடனே விறகு பிளக்கப் போய்விடுகிறார்.

மாதாவும் சூசையப்பரும் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மருமகனுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் அன்பைச் சொல். சித்திரையில் சுகப் பிரசவமாகி, மஞ்சள் பூசின முகத்தோடு பிள்ளையும் நீயுமாக ஒரு படம் பிடித்து அனுப்புவாய் என்று நம்பிக்கையோடு இருக்கிறோம். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. இந்த வாரம் உன் பழைய கடிதங்களையும் எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். மூன்று வருஷத்தில் பன்னிரண்டு கடிதம், பன்னிரண்டிலும் நன்றாக இருக்கிறேன், எல்லோரும் நல்லவர்கள், வேலை கஷ்டமில்லை. இந்த மசக்கை ஒன்றுதான் நீ எனக்கு எழுதின முதல் கஷ்டம். கலியாணமாகிக் கடல் தாண்டிப் போய் மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அழாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள். எனக்கு மனசு ஆறட்டும் என்று எழுதியிருப்பாய், எனக்கு அது வேண்டாம் மகளே. அழுதால் அழுதேன் என்று எழுது. என்னால் ஓடி வர முடியாதுதான், ஆனாலும் எப்போது, எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
வி. றோசலின்
(பிள்ளைக் காம்பரா ஆயா)